வெற்றிடத்தால் இயங்கும் முன்னச்சு: பழைய நாற்சில்லு வண்டிகளிற் பழுது காணும் முறை

விழா மலர் என்றவுடன் வாழ்த்துப் பாக்களும், மறைந்த ஆசிரியப் பெருந்தகைகள் பற்றிய நினைவுரைகளும், இலக்கிய ஆராய்ச்சிகளும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. அவற்றினிடையே எண்ணெய் படிந்த கையோடு ஒரு மோட்டார் வண்டிக் கட்டுரை புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் நாம் கற்றதும், பின்னர் அங்கேயே பல்லாண்டு கற்பித்ததுமான ஒரு சிறு பாடத்தை நாம் உள்ளபடி விளங்கிக்கொண்டது, ஒரு பழைய வண்டியின் அடியிற் படுத்துக் கிடந்த வேளையிலேயாகும். அக்கதையையும் அப்பாடத்தையும் ஒருங்கே கூறுதல் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரி நடுப்பகுதியில், வன்னியிலே ஒரு குளத்தின் கீழ்ப்புறமாகச் செல்லும் வயற்பாதை வழியே சென்றுகொண்டிருந்தோம். வண்டி எம்மோடு ஒரே வகுப்பிற் படித்த நண்பருடையது, 1980களில் வெளிவந்தது, பெற்றோல் எஞ்சின் பூண்டது. குளம் வான் பாயத் தொடங்கியிருந்தது. பாதையைக் குறுக்கறுத்து முழங்காலுக்குங் குறைந்த ஆழத்தில் நீர் ஓடிற்று. நண்பர் வண்டியை நிறுத்தி, நாற்சில்லு இயக்கத்துக்குரிய தடியை முறைப்படி இழுத்தார். முகப்பிலே அதற்குரிய விளக்கு எரிந்தது. அவ்விளக்கை நம்பி நீரில் இறங்கினோம். நடுவழியிற் பின் சில்லுகள் களியிற் புதைந்து சுழன்றன. முன் சில்லுகளோ சற்றும் அசைந்தில. நீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் நண்பரின் முதிய தாயார் இருந்தார். அவரைத் தோளிற் சுமந்து கரை சேர்க்க வேண்டி வருமோ என்று நாம் கலங்கிய அந்தக் கால்மணி நேரத்தை மறத்தல் அரிது. நற்காலமாக, வயலுக்கு வந்த உழவு இயந்திரமொன்று சங்கிலியிட்டு எம்மை இழுத்தது.

அடுத்த வாரம் வண்டி திருத்துமிடம் சென்றது. முன்னச்சில் உள்ள மென்றகட்டுப் பெட்டியே பழுதாயிருக்கும் என்று அங்கே ஊகித்தனர். நாமும் ஆமென்று தலையசைத்தோம். பிறநாட்டிலிருந்து பெருஞ் செலவில் வருவித்த புதிய பெட்டி பூட்டப்பட்டது. பழுது தீரவில்லை. வெற்றிடத்தைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய நாம், அதை ஒருமுறையேனும் அளந்து பார்ப்போம் என்று கூறவில்லையே என்பது அப்பொழுதுதான் உறைத்தது. ஆகவே, முதலிற் பாடத்துக்கு வருவோம்.

வெற்றிடம் இழுப்பதில்லை

வெற்றிடம் பொருள்களைத் தன்பால் இழுக்கின்றது என்பது உலக வழக்கு. பௌதிகம் இதனை ஏற்பதில்லை. இழுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. தள்ளுவது வெளியே இருக்கும் வளிமண்டலமே. 1643ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து, வளிமண்டலம் ஏறக்குறைய 76 சதமமீற்றர் உயர இரசத்தைத் தாங்கும் என்று காட்டினார். பின்னர் செருமனியில் ஒற்றோ வொன் கேரிக் என்பவர் இரண்டு செப்பு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளிருந்த வளியை அகற்றினார். அவற்றைப் பிரிக்க இரு புறமும் குதிரைகளைப் பூட்டியும் இயலவில்லை. அக்கோளங்களை ஒட்டிவைத்தது உள்ளிருந்த வெறுமை அன்று. வெளியிலிருந்து அமுக்கிய வளியே.

இனி ஒரு கணக்குச் செய்வோம். கடல் மட்டத்தில் வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சதமமீற்றர் பரப்பின்மேலும் ஏறக்குறைய 1.03 கிலோகிராம் நிறையளவான விசையோடு அமுக்குகின்றது. நன்னிலையிலுள்ள பெற்றோல் எஞ்சின் வெறுமனே ஓடும்போது, அதன் உள்ளெடுக்குங் குழாயில் வெற்றிடம் பெரும்பாலும் 43 முதல் 53 சதமமீற்றர் இரசம் வரை இருக்கும். 50 என்று கொள்வோம். ஏழு சதமமீற்றர் விட்டமுள்ள மென்றகட்டின் பரப்பு 38.5 சதுர சதமமீற்றர். அதன் ஒரு புறத்தில் இவ்வெற்றிடமும் மறுபுறத்தில் வளிமண்டலமும் இருப்பின், அதன்மேற் செயற்படும் விசை ஏறக்குறைய 26 கிலோகிராம் நிறைக்குச் சமம். ஓர் உருக்கு வளையத்தை அதன் பற்களின்மேல் நகர்த்த இது போதும். ஆயின், குழாயில் எங்கேனும் ஒரு கசிவு ஏற்பட்டு வெற்றிடம் 15 சதமமீற்றராகக் குறைந்தால், விசை 8 கிலோகிராமளவுக்கு வீழ்ந்துவிடும். மென்றகடு பழுதில்லை; அச்சும் பழுதில்லை; வளையம் மட்டும் நகராது. இவ்வொரு கணக்கை மனத்திற் கொண்டவன் எதையும் கழற்றுமுன் அளக்கத் தொடங்குவான்.

முன்னச்சை ஏன் துண்டித்தனர்?

நாற்சில்லு வண்டி தார்ப்பாதையில் ஓடும்போது முன் சில்லுகளுக்கு இயக்கம் தேவையில்லை. ஆயினும் சில்லுகள் உருள, அவற்றோடு இணைந்த அரையச்சுகளும், பற்சில்லுகளும், முன் சுழல்தண்டும் வீணே சுழன்று எரிபொருளை உண்டு தேய்மானத்தைப் பெருக்கும். 1948இல் ஆதர் வார்ண் என்னும் அமெரிக்கர் ஜீப் வண்டிகளுக்கென, கையாற் பூட்டித் திறக்கும் சில்லுக் குடங்களை ஆக்கினார். அவை உறுதியானவை. ஆயின் ஒவ்வொரு முறையும் சாரதி சேற்றில் இறங்கிச் சில்லருகே குனிந்து திருப்பவேண்டும். இருக்கையிலிருந்தவாறே இணைக்கும் வழியைத் தேடிய பிற்கால ஆக்குநர், எஞ்சினிற் செலவின்றிக் கிடைக்கும் வெற்றிடத்தை நாடினர்.

1984 முதல் 1991 வரை வெளிவந்த ஜீப் செரோக்கி வண்டிகள் பலவற்றின் முன்னச்சு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் வலப்பக்க அரையச்சு ஒரே தண்டாக இல்லாமல் இரண்டு துண்டுகளாக உள்ளது. இரண்டின் முனைகளிலும் பற்கள் உண்டு. அவற்றின்மேல் ஓர் இணைப்பு வளையம் நகர்கின்றது. வளையம் இரு துண்டுகளையும் தழுவினால் அச்சு முழுமையாகும். ஒரு துண்டோடு ஒதுங்கினால் அச்சு துண்டிக்கப்படும். வளையத்தை நகர்த்துவது ஒரு கவர். கவரை நகர்த்துவது மென்றகட்டுப் பெட்டி.

ஒரு பக்கத்தை மட்டும் துண்டித்தால் மறுபக்கச் சில்லாவது இயங்கவேண்டுமன்றோ என்று மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. நடுவிலுள்ள டிபரன்சியல் தனக்கு வரும் முறுக்கு விசையை இரு புறத்துக்கும் சமமாகவே பங்கிடும். வலப்பக்கத்து உள் துண்டு ஒன்றோடும் இணையாமல் தனியே நிற்கும்போது, அது சுழலத் தடையேதும் இல்லை. தடையில்லாத இடத்தில் முறுக்கு விசை பிறவாது. வலப்பக்கம் பெறுவது சுழியமாயின் இடப்பக்கம் பெறுவதும் சுழியமே. சுழல்தண்டு சுழலும், உள் துண்டு காற்றிலே பம்பரம்போற் சுற்றும், இரு முன் சில்லுகளும் வாளாவிருக்கும். நீரில் நாம் கண்டது இதுவே.

வெற்றிடம் செல்லும் வழி

பழுது காண விரும்புவோர் முதலில் வழியை வரைந்துகொள்ளல் வேண்டும். வண்டிக்கு வண்டி சிறு வேறுபாடு உண்டெனினும் பொதுவான வழி இதுவாகும்.

பெற்றோல் எஞ்சினில் உள்ளெடுக்குங் குழாயே வெற்றிடத்தின் ஊற்று. டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சினிற்போல வளியை நெரிக்கும் வால்வு இல்லாமையால் அங்கே போதிய வெற்றிடம் பிறவாது. அதற்கெனத் தனிப் பம்பி வேண்டும். சில டீசல் வண்டிகளில் அப்பம்பி மின்பிறப்பாக்கியின் பின்முனையிலேயே பூட்டப்பட்டிருக்கும்.

ஊற்றிலிருந்து வரும் குழாயில் ஒருவழி வால்வும், அதன்பின் ஒரு சேமிப்புக் கலமும் இருக்கும். இவற்றின் தேவையை உணர்தல் முக்கியம். மேட்டிலே ஏறும்போது சாரதி பெற்றோல் மிதியை முழுவதும் அழுத்துவான். வளி தடையின்றி எஞ்சினுட் பாயும். வெற்றிடம் ஏறக்குறைய இல்லாதொழியும். நாற்சில்லு இயக்கம் மிகத் தேவைப்படும் அவ்வேளையிலேதான் ஊற்று வற்றுகின்றது. முன்பு சேமித்ததை ஒருவழி வால்வு காத்து நிற்பதாலேயே வளையம் நிலைபெறும். ஆகவே, சமதரையில் இயங்கி ஏற்றத்திற் கைவிடும் வண்டியில் முதலில் ஐயுறவேண்டியது இவ்விரண்டையுமே.

சேமிப்புக் கலத்திலிருந்து குழாய் பெரும்பாலும் டிரான்ஸ்பர் பெட்டியின்மேலுள்ள வெற்றிட ஆளிக்குச் செல்லும். சாரதி தடியை நகர்த்த, ஆளி வெற்றிடத்தை இரு குழாய்களுள் ஒன்றுக்குத் திருப்பும். ஒரு குழாய் மென்றகட்டின் ஒரு புறத்துக்கும் மற்றது மறுபுறத்துக்கும் செல்லும். ஒன்று இணைக்க, மற்றது பிரிக்க. இரண்டாந் தலைமுறை மிற்சுபிசி பஜேரோ போன்ற வண்டிகளில் ஆளிக்குப் பதிலாக மின்காந்த வால்வுகள் இரண்டு இத்தொழிலைச் செய்கின்றன. அங்கே வெற்றிடத்தோடு மின்னையும் சோதித்தல் வேண்டும்.

இறுதியாக விளக்கு. சில வண்டிகளில் விளக்கு டிரான்ஸ்பர் பெட்டி மாறியவுடனேயே எரியும்; முன்னச்சு இணைந்ததோ இல்லையோ அதற்குத் தெரியாது. வேறு சிலவற்றில் அச்சு இணைந்த பின்னரே எரியும். பஜேரோவில் அச்சு இணையும்வரை முன் சில்லு விளக்குகள் மின்னி மின்னி எரியும். தம் வண்டியின் விளக்கு எதனைச் சாற்றுகின்றது என்பதைச் சாரதி வறண்ட நிலத்திலே அறிந்துகொள்ளல் வேண்டும். நாம் அதனை நீரிலே அறிந்தோம்.

சோதனை முறை

கருவிகள் சிலவே: ஒரு வெற்றிடமானி, மானி பொருத்திய ஒரு கைப்பம்பி, சிறிது றப்பர் குழாய், குழாய்களை அடையாளமிட நிறத் துணித்துண்டுகள். கைப்பம்பி கிடையாதாயின் 50 மில்லிலீற்றர் மருந்தூசிக் குழலொன்று மென்றகட்டைச் சோதிக்கப் போதும்.

முன்னெச்சரிக்கையாக இவற்றைச் சொல்லிவைத்தல் எமது கடன். வண்டி சமதரையில் நிற்கவேண்டும். தூக்காத சில்லுகளுக்கு அடைகல் இடவேண்டும். ஜக்கின்மேல் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் ஒருவரும் புகலாகாது. உறுதியான தாங்கி வைத்த பின்னரே புகலாம். கசிவு தேடுவதற்குச் சூடான எஞ்சின்மேற் பெற்றோலைத் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தீயை அழைப்பதாகும்.

முதலாஞ் சோதனை, அச்சு மெய்யாகவே இணையவில்லையா என்பது. எஞ்சினை ஓடவிட்டு நாற்சில்லு நிலைக்கு மாற்றி, வண்டியை ஓரிரு அடி முன்னும் பின்னும் நகர்த்துக. பற்கள் நேருக்குநேர் முட்டி நின்றால் வளையம் நுழையாது. சிறு அசைவே அதற்கு வழி தரும். இதனை அறியாமல் நல்ல வண்டியைப் பழுதென்று கழற்றியோர் பலர். பின்னர் எஞ்சினை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, முன் சில்லுகளுள் ஒன்றை மட்டும் தூக்கிக் கையாற் சுழற்றுக. தூக்கிய சில்லு இலகுவாகச் சுழன்றால் அச்சு இணையவில்லை. பற்களின் சிறு தளர்வளவே அசைந்து நின்றுவிட்டால் இணைந்துள்ளது. குறை வேறெங்கோ உள்ளது. நடுவிற் பிசுக்கு இணைப்பி கொண்ட வண்டிகளில் இச்சோதனையை நடுப் பூட்டு இட்ட நிலையிற் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, ஊற்று. எஞ்சினிலிருந்து புறப்படும் இடத்திலே குழாயைக் கழற்றி மானியைப் பொருத்துக. 43இற்கு மேற் காட்டினால் ஊற்று நன்று. அங்கேயே குறைவாயின் முன்னச்சை மறந்துவிட்டு எஞ்சினைக் கவனிக்க.

மூன்றாவதே எமது முறையின் உயிர்நிலை. வழி முழுவதையும் முனையிலிருந்து முனைவரை தடவிச் செல்லாமல், நடுவிலே வெட்டிப் பார்த்தல் வேண்டும். மென்றகட்டுப் பெட்டிக்கு வரும் குழாய்கள் இரண்டையும் அடையாளமிட்டுக் கழற்றி, இணைக்கும் குழாயில் மானியைப் பொருத்தி, எஞ்சின் ஓட, தடியை நாற்சில்லு நிலைக்கு மாற்றுக. மற்றைக் குழாயின் முனையை அடைத்துவைக்க. ஊற்றில் இருந்த அளவே இங்கும் இருந்தால், ஊற்றிலிருந்து இதுவரை உள்ள அனைத்தும் குற்றமற்றவை. குறை பெட்டியிலோ, கவரிலோ, வளையத்திலோ உள்ளது. அளவு குறைந்தால், பெட்டியைத் தொடவே தேவையில்லை, குறை மேற்புறத்திலே. ஐந்து நிமிடத்தில் ஐயம் பாதியாகின்றது. மேற்புறமாயின் மீண்டும் அதன் நடுவாகிய ஆளியின் வாயிலில் அளக்க. எஞ்சிய பாதியும் பாதியாகும். மூன்று நான்கு அளவைகளில் ஒரு சாண் குழாய்க்குள் கள்வனைச் சிறைப்படுத்திவிடலாம்.

நான்காவது, பெட்டி. கைப்பம்பியால் இணைக்கும் வாயிலில் 38 சதமமீற்றரளவு வெற்றிடத்தை ஏற்றுக. மானியின் முள் ஒரு நிமிடம் அசையாது நிற்கவேண்டும். முள் வீழ்ந்தால் மென்றகடு கிழிந்தது. முள் நின்றும் கவர் நகராவிட்டால் துருவோ, காய்ந்த கிறீசோ, தேய்ந்த கவரோ தடுக்கின்றது. மறு வாயிலிலும் இவ்வாறே செய்க.

ஐந்தாவது, சேமிப்பு. எஞ்சினை நிறுத்திய பின் கலத்தின் வாயிலில் மானியைப் பார்க்க. உடனே சுழியத்துக்கு வீழ்ந்தால் ஒருவழி வால்வு அடைக்கவில்லை அல்லது கலம் வெடித்துள்ளது. வால்வைக் கழற்றி வாயால் ஊதினாலே உண்மை தெரியும். ஒரு புறம் செல்லும், மறுபுறம் செல்லாது.

குறிகளும் காரணங்களும்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, பழுதின் குறிகளைக் கொண்டும் காரணத்தை உய்த்துணரலாம்.

றப்பர் குழாய்கள் சூட்டினாலும் வயதினாலும் இறுகும். வெடிப்பு பெரும்பாலும் குழாயின் நடுவில் இராது. முனையிலும் முழங்கை வளைவின் கீழ்ப்புறத்திலும் இருக்கும். கண் மேற்புறத்தையே காண்பதால் கீழ்ப்புற வெடிப்பு தப்பிவிடும். விரலால் வளைத்துப் பார்த்தல் வேண்டும். குழாய் நீளம் போதுமாயின் முனையில் ஒரு சதமமீற்றர் வெட்டி மீளப் பொருத்தலாம். அதுவும் ஒரு பருவத்துக்கே உதவும். புதிய குழாய் இடும்போது வெற்றிடத்துக்கென ஆக்கிய தடித்த குழாயையே இடவேண்டும். மெல்லிய குழாய் குளிர்ந்தபோது நன்றாயிருந்து, சூடேறியதும் வெளி அமுக்கத்தால் நசிந்து அடைபட்டுவிடும். காலையில் இயங்கி நண்பகலில் மறுக்கும் வண்டியில் இதனைத் தேடுக.

கழற்றிய குழாயினுள் எண்ணெய் கண்டால், டிரான்ஸ்பர் பெட்டியிலுள்ள ஆளியின் அடைப்பு தேய்ந்து, பெட்டியின் எண்ணெய் வெற்றிடத்தின் வழியே ஏறிவருகின்றது என்பது பொருள். அவ்வெண்ணெய் றப்பரை ஊதச் செய்து மென்றகட்டையும் கெடுக்கும். ஆளியை மாற்றாமல் மென்றகட்டை மட்டும் மாற்றுவோர் அடுத்த ஆண்டும் மாற்றவேண்டியவராவர்.

மென்றகட்டுப் பெட்டி இருக்கும் இடமும் நோயைக் குறிக்கும். செவ்ரோலே எஸ்-10 பிளேசர் வண்டிகளில் அது பற்றரித் தட்டின் கீழே அமைந்து, ஒரு கம்பிவடத்தால் அச்சை இயக்குகின்றது. மேலிருந்து சொட்டும் பற்றரி அமிலம் அதனை அரித்தல் அவ்வண்டி உடையோர் நன்கறிந்த பழுதாகும். பெட்டி அச்சின்மேலேயே இருப்பின், அமிலத்துக்குப் பதிலாக நீரும் சேறும் பகையாகின்றன. பெட்டியின் அடைப்பு கிழிந்தால் அச்சுக் குழலினுள் நீர் புகுந்து கவரைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இரு சில்லு நிலையில் அச்சு இணைந்தும், நாற்சில்லு நிலையில் அது பிரிந்தும் தலைகீழாய் நடந்தால், பெட்டிக்குரிய குழாய்கள் இரண்டும் இடம் மாறியுள்ளன. எவரோ அண்மையில் வேலை செய்திருக்கிறார் என்று துணிந்து கூறலாம். நிறத் துணித்துண்டின் பயன் இங்கே விளங்கும்.

கசிவுக்கும் அடைப்புக்கும் வேற்றுமை உண்டு. கசிவாயின் மானி குறைவான அளவிலே நிலைத்து நிற்கும். எஞ்சினின் ஓட்டமும் சற்று வேறுபடும். றப்பர் குழாயொன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் குழாய் வழியே நகர்த்தினால் சீறும் ஒலி கேட்கும். அடைப்பாயின் முள் மிக மெதுவாக ஏறி இறுதியில் முழு அளவையும் எட்டும். வளையமும் மெதுவாகவே, நெடு நேரங் கழித்தே நகரும்.

மலைநாட்டிற் செல்லும் வண்டி

எமது நாட்டுச் சாரதிகள் கருதவேண்டிய ஒன்று உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டலம் தாங்கும் இரசம் 76 அன்று. ஏறக்குறைய 61 சதமமீற்றரே. கொழும்பில் 50 சதமமீற்றர் வெற்றிடம் காட்டிய எஞ்சின், அங்கே ஏறக்குறைய 35 மட்டுமே காட்டும். எஞ்சினிற் குறையில்லை, தள்ளுவதற்கு வெளியே வளி குறைவு. முன்பு 26 கிலோகிராம் விசை பெற்ற மென்றகடு இப்போது 18 மட்டுமே பெறும். நன்னிலையிலுள்ள தொகுதி இதனைத் தாங்கும். யாழ்ப்பாணத்தில் எவருக்கும் தெரியாமல் மறைந்திருந்த சிறு கசிவு, மலையேறியதும் வெளிப்பட்டுவிடும். வெற்றிடம் இழுப்பதில்லை, வளியே தள்ளுகின்றது என்ற பாடத்துக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பிறேக்கும் இதே வளியால்

இதுவரை கூறியவற்றுள் ஒருவர் ஒன்றை மட்டுமே நினைவிற் கொள்வாராயின், அது இதுவாதல் வேண்டும். பெரும்பாலான இவ்வண்டிகளில் பிறேக் மிதிக்குத் துணைசெய்யும் பெரிய கலமும் அதே ஊற்றின் வெற்றிடத்தாலேயே இயங்குகின்றது. முன்னச்சு இணைய மறுப்பதோடு பிறேக் மிதியும் வழக்கத்தினும் இறுக்கமாயிருந்தால், அது மென்றகட்டுப் பழுது அன்று, ஊற்றே குன்றியுள்ளது. டீசல் வண்டியிற் பம்பி தேய்ந்தாலும் இவ்வாறே நிகழும். அவ்வண்டியைத் திருத்தும்வரை ஓட்டலாகாது. மேலும், முன்னச்சுக்கு வெற்றிடம் போதவில்லை என்று பிறேக் குழாயிலிருந்து கிளை எடுப்போர் உளர். அக்கிளையில் ஒரு வெடிப்பு ஏற்பட்டால் சேற்றிற் புதைவதோடு முடியாது. இறக்கத்திற் பிறேக் வலிமை குன்றி உயிருக்கே இடர் நேரும். இதனை ஒருபோதும் செய்யற்க.

வழியிலே வண்டி கைவிட்டால் ஓர் உபாயம் உண்டு. ஆளிக்கு வரும் ஊற்றுக் குழாயைக் கழற்றி, நீண்ட றப்பர் குழாயொன்றால் நேரே பெட்டியின் இணைக்கும் வாயிலிற் பொருத்துக. பிரிக்கும் வாயிலைத் திறந்தே விடுக. வளி தள்ளுவதற்கு அவ்வழி வேண்டும். வளையம் நுழைந்து அச்சு இணையும். இது சேற்றைக் கடக்கவும் வீடு சேரவும் மட்டுமே. தார்ப்பாதையை அடைந்ததும் டிரான்ஸ்பர் தடியை இரு சில்லு நிலைக்கு மாற்றுதல் வேண்டும். நடு டிபரன்சியல் இல்லாத வண்டியை நாற்சில்லு நிலையில் உலர்ந்த தார்ப்பாதையில் வளைத்து ஓட்டினால், முன்னும் பின்னும் உள்ள தண்டுகள் ஒன்றையொன்று முறுக்கிப் பற்சில்லுகளைக் கெடுக்கும்.

வெற்றிடத்தின் தொல்லையே வேண்டாமென்று, கம்பிவடத்தாற் கவரை நேரே இழுக்கும் அமைப்பைப் பூட்டுவோரும் உண்டு. 1992 முதல் செரோக்கியின் ஆக்குநரும் அத்துண்டித்த அச்சைக் கைவிட்டு, வலப்பக்கத்தில் ஒரே தண்டை இட்டனர். இவ்வழிகளும் நல்லனவே. எனினும், குறை எங்கே என்று அறிந்த பின்னர் மாற்றுதல் வேறு. அறியாமல் மாற்றுதல் வேறு.

முடிவுரை

நண்பரின் வண்டிக்கு மீள்வோம். புதிய பெட்டி பூட்டியும் பழுது தீராத அந்நாளின் மாலையில், பழைய மாணவரொருவரிடம் ஒரு வெற்றிடமானியை இரவல் வாங்கி, நண்பரின் வீட்டு முற்றத்து மாமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். ஊற்றில் 48. பெட்டியின் வாயிலில் 12. ஆகவே நாம் பணங்கொடுத்து மாற்றிய பெட்டி குற்றமற்றது, பழையதும் குற்றமற்றதே. ஆளியின் வாயிலில் அளந்தோம்: அங்கும் 12. இனி எஞ்சினுக்கும் ஆளிக்கும் இடைப்பட்ட வழி ஒன்றே எஞ்சியது. அவ்வழியில், எஞ்சினின் பின்புறத்தில், விரல் நீளமுள்ள ஒரு றப்பர் முழங்கையின் கீழ்ப்புறத்தில் வெடிப்பு வாய் திறந்து கிடந்தது. அதனை மாற்றிய றப்பர்த் துண்டின் விலை, அன்று நாம் அருந்திய தேநீரின் விலையிலும் சற்றே கூடியது. அளந்து முடிக்க அரைமணி நேரமுஞ் செல்லவில்லை. மென்றகட்டுப் பெட்டிக்குச் செலவிட்ட தொகையை நண்பர் இன்றுவரை எமக்கு நினைவூட்டுவதில்லை. அது அவர் பெருந்தன்மை.

அவர் தாயார் மட்டும், "இவ்வளவு காலமாய்ப் படிப்பிச்சனீங்கள், இதை முதலே பாத்திருக்கக் கூடாதோ தம்பி?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்றும் விடையில்லை, இன்றும் இல்லை.

மாணவர்களே, ஆய்வுகூடத்திலே நீங்கள் இரசக் குழாயைக் கவிழ்க்கும்போது அது தேர்வுக்குரிய பாடமாக மட்டும் தோன்றலாம். அப்பாடம் ஒருநாள் பாதை நடுவே, நீர் ஏறும் வேளையில், உங்களை நம்பிப் பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்கத் தேவைப்படும். அன்று ஊகத்தை நம்பாதீர்கள். விளக்கையும் தனியே நம்பாதீர்கள். வறண்ட நிலத்திலே, மாரி தொடங்குமுன், ஒருமுறை முன் சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். நாம் அதனைச் செய்யாமையால் கற்றதை, நீங்கள் செய்து கற்றுக்கொள்வீர்களாக.